வம்சத்தில் இருந்தால் வந்தே தீருமா?

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லோரும் நலம். என் மனைவிக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது மாலையில் என்னோடு நடக்க வருகிறாள்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. அப்பா, பெரியப்பா, அண்ணன் எல்லோருக்கும் சர்க்கரை, உனக்கும் எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது, வம்சத்தில் இருப்பதை யாரால் தடுக்க முடியும் என்று கேட்டிருந்தாய்.

வம்சத்தில் இருப்பது உண்மைதான். இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சிறு மரபணு மாற்றங்கள் இருக்கின்றன. அவற்றில் வலுவானது டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் வருவது. உடம்புக்குத் தேவைப்படும்போது இன்சுலின் சுரப்பதை அது மந்தமாக்குகிறது. ஆனால் அமெரிக்காவில் உன்னைப்போல எல்லைக்கோட்டில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2002-இல் முடிவு வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இவைதான் இலக்கு. இந்த இலக்கோடு பழக்கத்தை மாற்றிய குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். அப்புறம் மரபணுவையும் பார்த்தார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தை வாங்கி, ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களுக்கு நோய் வேகமாக வந்தது. அதே மாற்றம் இருந்தும் பழக்கத்தை மாற்றியவர்களிடம் அதன் பாதிப்பு பெருமளவு மங்கிவிட்டது. இதை நீ இரண்டு முறை படிக்க வேண்டும்.

பீமா பழங்குடியினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே வழி வந்த மக்கள். ஒரு பிரிவு அமெரிக்காவின் அரிசோனாவில், இன்னொன்று மெக்சிகோ மலைப்பகுதியில். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி அரிசோனாவில் 38 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. மலையில், உடலுழைப்போடு வாழ்ந்தவர்களிடம் ஏறத்தாழ 7 சதவீதம்தான்.

இதற்காக உன் அண்ணனைக் குறை சொல்லிவிடாதே. எவ்வளவோ கட்டுப்பாடாக இருந்தவர் அவர். சிலருக்கு மரபுச்சுமை அதிகம். எல்லாம் சரியாகச் செய்தும் நோய் வரும். அவர்களிடம் போய் "ஒழுங்காக இருந்திருக்கலாமே" என்பது கொடுமை. அப்படிப்பட்டவர்களுக்கும் பழக்கவழக்கம் வீணாவதில்லை, நோய் தள்ளிப்போகும், வந்தாலும் கட்டுக்குள் நிற்கும்.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்டாய். என்னைக் கேட்டால் வேண்டாம். குடும்ப வரலாறே உனக்குப் போதுமான அளவு சொல்லிவிட்டது. எந்த முடிவு வந்தாலும் நீ செய்ய வேண்டியது மாறாது. மருத்துவரைப் பார், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை வருடத்துக்கு ஒருமுறையாவது எடு. பிள்ளைகளையும் எடுக்கச் சொல். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராகவன்