அடைப்பு கரையாது, சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். 'கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஷாக்வேவ் சிகிச்சையில் இதய அடைப்பு கரையும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பைபாஸும் செய்தாயிற்று, இனி ஸ்டென்ட் வைக்கவும் இடமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது. இந்த நிலைமையில் அந்த வரியைப் படித்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த வரிதான் பொய். சிகிச்சையே பொய் என்று நான் சொல்லவில்லை.

சிறுநீரகக் கல்லை உடைக்கிறார்களே, அதே அதிர்வலைதான் இது. டார்னியர் என்ற ஜெர்மன் விமானக் கம்பெனி, அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராயப்போய், அது 1980இல் மியூனிக்கில் ஒரு நோயாளியின் கல்லை உடைப்பதில் போய் முடிந்தது. இதயத்துக்குக் கொடுப்பது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்திதான். எதையும் உடைக்கவோ கரைக்கவோ அது போதாது. அந்த மெல்லிய அடி பட்டதும், புது நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டும் புரதங்களை இதயத் தசை கூடுதலாகச் சுரக்கிறது. மெயின் ரோடு மூடியபடியேதான் இருக்கும். சந்துகள் வழியாகக் கொஞ்சம் போக்குவரத்து கூடும், அவ்வளவுதான்.

மயக்க மருந்தெல்லாம் கிடையாது. மார்பில் ஜெல் தடவி, எக்கோ ஸ்கேனில் இடம் பார்த்து, தண்ணீர் நிரம்பிய மெத்தை போன்ற முனையை அழுத்தி வைப்பார்கள். ஈசிஜியில் துடிப்பு வரும் நேரம் பார்த்து மெஷின் 'டக்' என்று ஓர் அலையை அனுப்பும். ஒவ்வொரு புள்ளிக்கும் நூறு, இருநூறு தடவை. பல இடங்களில் முதல் வாரம், ஐந்தாம் வாரம், ஒன்பதாம் வாரம் என்று வாரத்துக்கு மூன்று முறை கூப்பிடுவார்கள்.

ஆதாரம் எவ்வளவு என்றால், ஜப்பானில் பன்றிகளிடம் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். மனிதர்களிடம் அவர்கள் செய்த முதல் சோதனை 2006இல் வந்தது. அதில் ஒன்பதே பேர். பிறகு வந்தவற்றிலும் பெரும்பாலானவை சின்னச் சின்ன ஆய்வுகள். நெஞ்சுவலி குறைந்தது, நாக்கடியில் வைக்கும் மாத்திரை குறைந்தது என்கிறார்கள். ஆயுள் கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில் நடத்தி 2024இல் வெளியிட்ட நல்ல ஆய்வைக் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். அது பைபாஸ் ஆபரேஷனின்போதே திறந்த இதயத்தின் மேல் நேரடியாகக் கொடுத்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆஞ்சியோ செய்யும்போது குழாய்க்குள்ளே பலூனை விட்டுச் சுண்ணாம்புப் படிவை உடைப்பதையும் 'ஷாக்வேவ்' என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு, இது வேறு. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், தாலியம் ஸ்கேன் மாதிரி ஏதாவது எடுத்து, உயிரோடு இருந்தும் ரத்தம் போதாத தசை எந்தப் பக்கம் என்று பார்த்தார்களா? இதய அறைக்குள் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி செய்தார்களா? பணம் கட்டச் சொல்வதற்கு முன்னால் இதையெல்லாம் நோட்டீஸ் போட்டவர்களே பார்த்திருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கே உட்காரவே உட்காராதீர்கள். எக்கோஸ்பிரின் என்ற ஆஸ்பிரின் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் ஒருநாள்கூட விடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பழைய ஆஞ்சியோ சிடியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து வையுங்கள். உங்கள் கார்டியாலஜிஸ்ட்டிடமே காட்டிக் கேட்டுவிடுவோம். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்