சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைப் பருவம் தொடங்கிவிட்டால் இணையவழிப் பட்டப்படிப்பு விளம்பரங்கள் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வருகின்றன. எந்நேரமும் பார்க்கத்தக்க காணொலிப் பாடங்கள், தவணை முறையில் கட்டணம் என்று எல்லாம் அவற்றில் இருக்கும். படிக்கும்போது எழும் சந்தேகத்துக்கு யார், எத்தனை நாளுக்குள் பதில் சொல்வார் என்பது மட்டும் எந்த விளம்பரத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது இணையவழிப் படிப்பொன்றில் பகுதிநேர வழிகாட்டியாக இருப்பவன் என்ற முறையில், ஆசிரியர் மாணவர் உறவு அந்த இடத்தில்தான் உருவாகிறது அல்லது உருவாகாமலே போகிறது என்று சொல்வேன்.

இரவுப் பணி முடித்து வந்து படிக்கும் ஒரு மாணவர், தாளில் போட்ட கணக்கைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மாதிரியின் திட்ட விலக்கம் காணும்போது, எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுப்பதற்குப் பதிலாக முழு எண்ணிக்கையாலேயே வகுத்திருந்தார். கணினித் திருத்தம் அதற்குப் பூஜ்ஜியம் கொடுத்து முடித்துவிட்டது. ‘நான்காம் வரி வரை நீங்கள் போட்டது சரி, வகுக்கும் எண்ணை மட்டும் மறுபடி பாருங்கள்’ என்று பெயர் சொல்லி எழுதிய பிறகுதான், அதுவரை நேரலை வகுப்பில் வாய் திறக்காதவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். அவர் முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. ஆனால் அவர் கையெழுத்தும் கணக்கில் எங்கே தடுமாறுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

முகத்தைக் காட்டினால்தான் வருகைப்பதிவு என்று சில கல்வி நிறுவனங்கள் கட்டாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது கூச்சத்தைத்தான் தரும். அதே நேரத்தில், நெருக்கம் என்ற பெயரில் நள்ளிரவில் தனிப்பட்ட எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பும் வழக்கமும் வேண்டாம். ஆசிரியர் மீது எழுந்த பாலியல் புகாரால், பள்ளிகளின் இணைய வகுப்புகளைப் பதிவு செய்து வைக்கத் தமிழக அரசு 2021இல் உத்தரவிட நேர்ந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. பேச்செல்லாம் கல்வி நிறுவனத்தின் தளத்திலேயே, குறித்த நேரத்தில் நடப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் இணையவழிப் படிப்புகளில் 250 மாணவருக்கு ஒரு பாட வழிகாட்டி என்று கணக்கிடுகின்றன. ஆளுக்கு வாரம் பத்து நிமிடம் ஒதுக்கினாலே நாற்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும். பகுதிநேரமாக இருப்பவர் என்ன செய்வார்? ஒரே பதிலை எல்லாருக்கும் நகலெடுத்து ஒட்டுவார். காணொலி, மின்பாடம், தன்மதிப்பீடு ஆகியவற்றோடு கலந்துரையாடல் களமும் இருக்க வேண்டும் என்பது விதி. களம் இருக்கிறது, மாணவர் கேட்ட கேள்வி வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. சக மாணவர் யாராவது இரக்கப்பட்டுப் பதில் போட்டால் உண்டு.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ‘ஸ்வயம்’ தளத்தில் படித்து, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் பெறலாம் என்று 2021இல் விதி தளர்த்தப்பட்டிருப்பதால், இது வீட்டிலிருந்து படிப்போரின் சிக்கல் மட்டுமல்ல, நேரடிக் கல்லூரி மாணவர்களுக்கும் உரியது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்று விதி இருக்கிறது. இணையத்தில் மாணவருக்குப் பதில் எழுதும் நேரத்தையும் அந்தப் பதினாறுக்குள் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பதில் எழுதுவது ஆசிரியரின் தனிப்பட்ட நல்ல மனத்தை நம்பியே இருக்கும்.

வழிகாட்டி ஒருவருக்கு 60 மாணவர் என்ற அளவுக்காவது இந்த விகிதத்தை மானியக் குழு குறைக்க வேண்டும். ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் சேர்க்கை விளம்பரத்திலேயே, கட்டணத்துக்குப் பக்கத்தில், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர், சந்தேகத்துக்கு எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்று அச்சிடவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்,
திருநெல்வேலி.