யன்னல் பூட்டுப்படாத மண்டபம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தவணைப் பரீட்சைத் திகதிகளை வகுப்பாசிரியர்கள் ஏற்கெனவே தந்துவிட்டார்கள். இந்தக் கடிதம் லண்டனில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தைப் பற்றியது.

போன பெற்றோர் கூட்டத்தில் அரைவாசி நேரம் அதற்கே போனது. குளிர், எதிரொலி, பூட்டுப்படாத யன்னல், கழிப்பறை. "பக்கத்திலே புது விளையாட்டரங்கம் இருக்குது சேர், அங்கே போனால் என்ன?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று "யோசிப்பம்" என்று சொல்லி நழுவிவிட்டேன். இப்போது யோசித்துவிட்டேன்: இங்கேயே இருப்போம் என்பதுதான் என் எண்ணம்.

வாசலுக்கு வலப்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், மண்டபத்தின் அடிக்கல் இருக்கிறது. எத்தனை பேர் கண்டிருப்பீர்களோ தெரியாது. போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதன்மேல் தாளை வைத்து மெழுகுக் கட்டியால் தேய்த்தார்கள். 1, 9, 3 என்று மூன்று இலக்கங்கள் எழும்பி வந்தன. நாலாவதைப் பழைய வர்ணப் பூச்சுகள் மூடிவிட்டன. 1930களில் ஏதோ ஓர் ஆண்டு. அந்த ஓர் இலக்கத்துக்காகப் பிள்ளைகள் அரைமணி நேரம் சண்டை பிடித்தார்கள். தமிழில்தான் பிடித்தார்கள் என்பதால் நான் குறுக்கிடவில்லை.

அந்தக் காலத்தில் ஏன் இப்படி மண்டபங்கள் எழுந்தன என்பதற்கு நல்ல உதாரணம் வடமேற்கு லண்டனிலுள்ள பேர்ண்ட் ஓக்கில் இருக்கிறது. நெரிசலான உள்லண்டனிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்ற, லண்டன் கவுண்டி கவுன்சில் அங்கே வொட்லிங் குடியிருப்பைக் கட்டியது. ஏறக்குறைய 4000 வீடுகள். 1927இலிருந்து சனம் வரத் தொடங்கியது. வீடு இருந்தது, தோட்டம் இருந்தது, நாலு பேர் கூடியிருந்து கதைக்க இடம்தான் இல்லை. அயலிலிருந்த வசதியானவர்கள் வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. கம்யூனிஸ்டுகள் என்ற ஏளனத்தில் 'லிட்டில் மொஸ்கோ' என்று பட்டம் வைத்தார்கள். (புதிதாக வந்து குடியேறியவர்களுக்குப் பட்டம் வைப்பது எங்களுக்குத் தெரியாத சங்கதியா!) குடியிருந்தவர்கள் 1928இல் சங்கம் அமைத்தார்கள், தங்களுக்கென்று ஒரு பத்திரிகையும் தொடங்கினார்கள். 1933 ஜனவரியில் அவர்களின் வொட்லிங் நிலையம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர், பின்னால் முடி துறந்த எட்டாம் எட்வர்ட்.

இதை வாசிக்கும்போது எனக்கு ஊரிலுள்ள சனசமூக நிலையம்தான் நினைவுக்கு வந்தது. ஒருவர் காணி கொடுப்பார், இன்னொருவர் சீமெந்து கொடுப்பார், மிச்சத்தைச் சிரமதானத்தில் முடிப்பார்கள். பின்னேரம் பேப்பர் வாசிக்க அடிபடுவார்கள். எங்கள் மண்டபம் வெள்ளைக்காரர் கட்டின சனசமூக நிலையம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி உள்ளே வாருங்கள். நிலத்திலே மரக்கட்டைகளை மீன்முள் போலக் கோத்துப் பதித்திருக்கிறார்கள். மேடைப் பக்கம் ஒரு கட்டை கழன்று வந்தபோது எடுத்துப் பார்த்தேன்: அடியிலே கட்டித் தார், அதிலே கட்டையின் அச்சு இன்னமும் கூர்மையாக இருந்தது. பரதநாட்டிய ஆசிரியை இந்த நிலத்தை விட்டு வர மாட்டேன் என்கிறார். சீமெந்து நிலத்தில் தட்டடவு ஆடிய பிள்ளைகளின் முழங்கால் நோவை அவர் கண்டவர். மேடைக்கு அடியில் கதிரைகளைத் தள்ளிவைக்க உயரமில்லாத நீண்ட அறை உண்டு. எங்கள் கொலுப்படிகளும் வாணி விழாச் சாமான்களும் அங்கேதான். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு சிறு யன்னல். ஒரு காலத்தில் அதனூடாகத் தேநீரும் கேக்கும் வந்திருக்கும். இப்போது வடை வருகிறது.

பூட்டுப்படாத யன்னல்கள் மெல்லிய இரும்புச் சட்டம் போட்டவை. அந்தக் காலத்து எசெக்ஸ் தொழிற்சாலைகள் இவற்றை நாடு முழுக்க அனுப்பின. துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறை பரவுமுன் செய்தவை என்பதால் துருப்பிடித்து உப்பிவிட்டன, அதனால்தான் பொருந்துவதில்லை. சுரண்டிச் சீர்செய்யலாம். பிளாஸ்டிக் யன்னல் போட்டால் சூடாகத்தான் இருக்கும், ஆனால் மண்டபத்தின் முகம் போய்விடும்.

இங்கிலாந்தின் மரபுரிமை அமைப்பு 2008இல் வெளியிட்ட கோட்பாடுகளில் ஒரு கட்டடத்துக்கு நான்கு வகை மதிப்பைச் சொல்கிறது: சான்று, வரலாறு, அழகு, நாலாவதாகச் சமூக மதிப்பு. முதல் மூன்றிலும் எங்கள் மண்டபம் சுமாரான மாணவன். நாலாவதில் வகுப்பிலேயே முதலாம் பிள்ளை. ஆனால் அந்தப் புள்ளியைப் போடுவதற்கு நாங்கள் வாய் திறக்க வேண்டும்.

திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு லண்டன் பிரென்ட்ஃபோர்ட்டிலிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்த் தொழிற்சாலையைச் சொல்வேன். 1928இல் கட்டியது. 1980 ஓகஸ்ட் வங்கி விடுமுறையில், பாதுகாப்பு ஆணை வருமுன், அலுவலகங்கள் பூட்டியிருந்த நேரம் பார்த்து முகப்பை உடைத்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக் கட்டடங்கள் பலவற்றை அரசு அவசரமாகப் பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. அதே கட்டடக் கலைஞர்கள் பெரிவேலில் கட்டிய ஹூவர் கட்டடம் அப்படித் தப்பியது. அதன் பின்புறத்து டெஸ்கோவுக்குப் போகிற உங்களில் பலருக்கு அந்த வெள்ளை முகப்பு பழக்கம்.

எங்கள் மண்டபத்தை விற்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடிய செய்தி உண்மையில்லை. ஆனால் கூரைச் செலவு பெரிதென்று மண்டப நிர்வாகத்தினர் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. 2011ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் ஒன்றின் கீழ், இது சமூகத்துக்குப் பெறுமதியான இடம் என்று பதியும்படி கவுன்சிலைக் கேட்கலாம். எங்களைப் போன்ற பதிவில்லாத குழு கேட்பதானால், இந்தக் கவுன்சில் பகுதியிலோ அடுத்த கவுன்சில் பகுதியிலோ வாக்காளர் இடாப்பில் பெயருள்ள 21 பேராவது குழுவில் இருக்க வேண்டும். பதிந்தால் ஐந்து வருடம் நிற்கும். இடையில் உரிமையாளர் விற்க முனைந்தால், சமூகக் குழு வாங்க விரும்புவதாக அறிவித்துக் காசு திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். எங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அதையும் சொல்லிவைக்கிறேன்.

படிவம் வரும் சனிக்கிழமை தேத்தண்ணீர் மேசையில் இருக்கும். பெயரும் முகவரியும் இடாப்பில் உள்ளபடியே எழுதுங்கள். 21 போதும் என்றாலும் 60 இருந்தால் எனக்கு நித்திரை வரும். வாணி விழா, ஏடு தொடக்கல், பரிசளிப்பு என்று இங்கே எடுத்த பழைய படங்கள் வீட்டில் இருந்தால் பிரதி தாருங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.

கழிப்பறை விஷயத்தில் உங்கள் முறைப்பாடு முழுக்கச் சரி. அதற்கு எந்த மரபுரிமை மதிப்பும் கிடையாது. இடிக்கும் நாளில் முதல் சுத்தியலை நானே பிடிக்கிறேன்.

சூடாக்கியைத் திருத்த வியாழக்கிழமை ஆள் வருகிறார். அதுவரை பிள்ளைகளுக்கு ஒரு சுவெற்றர் கூடுதலாகப் போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்