கொசுவோட நிறுத்தாதீங்க, கிருமி உள்ள என்ன பண்ணுதுன்னும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

மலேரியான்னாலே தண்ணி தேங்க விடாதீங்க, கொசுவலை கட்டுங்கன்னு மட்டும்தான் செய்தி வருது, அது தேவைதான், ஆனா கடிச்சதுக்கு அப்புறம் உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருமே எழுதுறதில்ல. இதைக் கேக்க எங்க நீலகிரிக்காரங்களுக்கு உரிமை இருக்குங்க, 1897ல ஊட்டி வந்த டாக்டர் ரொனால்ட் ராஸ் சீகூர் பக்கம் மலேரியா ஆராய்ச்சிக்குப் போனப்ப அவருக்கே அந்தக் காய்ச்சல் வந்துச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்லதான் செகந்திராபாத்ல கொசு வயித்துல கிருமியைக் கண்டுபிடிச்சார்.

நம்ம சிவப்பணுவுல நியூக்ளியஸ் இல்ல, புரோட்டீன் செய்யுற, அனுப்புற வசதி எதுவுமே இல்ல, ஆளில்லாத வீடு மாதிரி. ஃபால்சிபாரம்ங்கற மலேரியா கிருமி அதுக்குள்ள நுழைஞ்சு தன்னைச் சுத்தி ஒரு சவ்வு போட்டுக்கிட்டு நூத்துக்கணக்கான புரோட்டீனை அதைத் தாண்டி செல்லுக்குள்ள அனுப்புது. அதுல நிறைய புரோட்டீன்ல பெக்செல்னு ஒரு சின்ன அடையாளம் இருக்கு, 2004ல வெளிய வந்த விஷயம், அந்த இடத்துல பிளாஸ்மெப்சின் ஃபைவ்ங்கற என்சைம் வெட்டி விட, அப்புறம் சவ்வுல இருக்குற பிடெக்ஸ்ங்கற புரோட்டீன் வாசல் வழியா மடிப்பு பிரிஞ்சு வெளிய போகுது. போனதுல சிலது செல் மேல குமிழ் குமிழா எழும்பி, அதுல பிஎஃப்இஎம்பி1ங்கற ஒட்டுற புரோட்டீன் நின்னுக்கிட்டு ரத்தக்குழாய் சுவத்தைப் பிடிச்சுக்குது, அதனால அந்தச் செல், பழுதான செல்லை வடிகட்டுற மண்ணீரல்ல மாட்டாம தப்பிச்சுக்குது, அதுவே மூளைக் குழாய்ல ஒட்டுச்சுன்னா உயிருக்கே ஆபத்துங்க!

பிடெக்ஸை அடைச்சா கிருமி வளராதுன்னு லேப்ல காட்டிட்டாங்க, மருந்து தேடுறவங்களுக்கு எவ்வளவு பெரிய வழி இது. தயவுசெஞ்சு உங்க மாணவர் பக்கத்துல படத்தோட போடுங்க.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்