வீட்டுக்கென்று வாங்கிய பணத்துக்குக் கணக்கு கொடுங்கள்

நெல்லை நகரின் வீட்டு வசதியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பேட்டைப் பக்கம் கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கும் அடுக்குமாடியை விலைக்கு வாங்கி, ஆற்றோரத்தைக் காலி செய்தவர்களுக்குக் கொடுங்கள் என்று மனு கொடுத்திருந்தோம். "கட்டிய வீடுகளை வாங்க நிதி ஒதுக்கீடு இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. பதில் போட்டதற்கு நன்றி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் பல மனுக்களுக்கு அதுகூட வருவதில்லை.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை என்று ஊருக்குள் புகுந்தது. அதற்கப்புறம் ஆற்றோரத்திலிருந்து சில குடும்பங்கள், நீங்கள் சொன்னபடி, ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்புக்குப் போயின. பயனாளி பங்குத்தொகைக்கு மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் போயின.

அதில் ஒரு அக்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பீடி சுற்றுகிறவர். இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, மடியில் சுளவை வைத்துக்கொண்டு தூள் போட்டுச் சுருட்டி, நூல் சுற்றி, கட்டுக் கட்டாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அன்றைய கணக்கு ஏறும். மறுநாளைக்கு இலையும் தூளும் கிடைக்கும். முன்பு பீடிக்கடை நாலு வீடு தள்ளி இருந்தது. உலையை வைத்துவிட்டுப் போய் வந்துவிடுவார். இப்போது பஸ் ஏற வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, உண்மைதான். அந்தப் பக்கம் பஸ்ஸே அனேகமாகக் கிடையாது. ஒன்றை விட்டால் ஷேர் ஆட்டோ. கடையில் சரியில்லை என்று ஒரு கை பீடியைக் கழித்துவிட்டால், ஆட்டோக் காசு போக அன்றைய உழைப்பில் மிச்சம் என்ன? கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு, தங்கச்சி வீட்டு முன்னறைக்கே வந்துவிட்டார். குழுக் கடனுக்குத் தவணை கட்டுகிறார், பூட்டிய வீட்டுக்குப் பராமரிப்புப் பணமும் கட்டுகிறார். உங்கள் பட்டியலில் அவர் பயனடைந்தவர்.

நிதி இல்லை என்கிறீர்கள். பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது ஏழைகள் வீட்டுக்கென்று ஷெல்டர் கட்டணம் வாங்கப்படுகிறதே! அது மாநில அளவிலான உறைவிட நிதிக்குப் போகிறது, சரி. நெல்லையிலிருந்து எவ்வளவு போனது, நெல்லைக்கு எவ்வளவு திரும்பி வந்தது? அந்தக் கணக்கைத்தான் கேட்கிறோம்.

வீட்டுக்கென்று வரி போடுவது தப்பே இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 1980களிலிருந்து அதைச் செய்து வருகிறது. 2023 நவம்பரில், 7 ஆண்டுகளுக்கு 97 கோடி டாலரைச் சொத்துவரியாக வசூலிக்கலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள்; மக்களும் சம்மதித்தார்கள். செலவைப் பார்க்க ஒரு கண்காணிப்புக் குழு, ஆண்டுதோறும் ஓர் அறிக்கை. 2025 பிப்ரவரியில் இன்னொரு வரிக்கும் வாக்கு விழுந்தது: ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும் கம்பெனி, மேற்படும் தொகையில் 5 சதவீதம் கட்ட வேண்டும். நகரின் பொது வீட்டுவசதி அமைப்பு அந்தப் பணத்தில் புதிதாகவும் கட்டலாம், கட்டி நிற்பதை விலைக்கும் வாங்கலாம். அங்கே எல்லோருக்கும் வீடு கிடைத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. கூடாரத்தில் கிடப்பவர்கள் அந்த ஊரிலும் உண்டு. ஆனால் எந்தப் பணம் எதற்கு என்று வரி கட்டுகிறவனுக்குத் தெரியும்.

அவ்வளவு தூரம் போவானேன்? வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். பணம் எங்கே என்று கேட்டால் நூலகத்தையாவது காட்டலாம்.

2022இல் வீட்டுவரியை ஏற்றினீர்கள். 600 சதுர அடிக்குள் இருப்பவனுக்கே 25 சதவீதம். முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். பாக்கி வைத்தால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாக வருகிறது. வசூலுக்கு அவ்வளவு சத்தமாக வருகிறவர்கள், அதே மைக்கில் செலவையும் வாசித்துவிட்டுப் போனால் தொண்டை கட்டிவிடுமா? சரி, பேச்சு எங்கோ போகிறது. மன்னிக்கவும்.

ஊருக்குள் விலை அதிகம் என்பீர்கள். வெளியே கட்டினால் ரோடு, தண்ணீர், பஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பின்னாலேயே கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவு கட்டட மதிப்பீட்டில் ஏறுவதில்லை. அக்காவின் ஆட்டோக் காசும் ஏறுவதில்லை.

ஆகவே, நெல்லையில் வசூலான ஷெல்டர் கட்டணம், இங்கே செலவான தொகை இரண்டையும் ஆண்டுவாரியாகத் தமிழில் அச்சிட்டு, வரி கட்டும் கவுண்டர் பக்கத்தில் ஒட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதைப் பார்த்துவிட்டு, பூட்டிக் கிடக்கும் வீடுகளை வாங்க முடியுமா, முடியாதா என்று உட்கார்ந்து பேசலாம். கணக்கு சென்னையில்தான் இருக்கிறது என்றால், எந்த அலுவலகம், எந்தப் பிரிவு என்று எழுதுங்கள். மனுவை நாங்களே அங்கே அனுப்பிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பேட்டை வீட்டுவரிதாரர் ஒருவர்