வாளிக்கு முன்னால் ஒரு படிவம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்று கடலோரக் காவல்படை நடத்தும் ஒத்திகைப் படங்கள் அவ்வப்போது நாளிதழ்களில் வருகின்றன. கப்பல், ஹெலிகாப்டர், தண்ணீரில் மிதக்கும் தடுப்பு வேலி எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த எண்ணெய் கரையேறிவிட்டால்? எண்ணெய்க் கசிவைச் சமாளிப்பதற்கான தேசியத் திட்டத்தின்படி, கடல் என்பது கடலோரக் காவல்படையின் பொறுப்பு. கரை மாநில அரசின் பொறுப்பு. நடைமுறையில், எண்ணூர் பக்கம் எண்ணெய் வந்தபோது கரையில் நின்றவர்கள் மீனவர்கள், தூய்மைப் பணியாளர்கள், வகுப்பை விட்டு வந்த மாணவர்கள், என்னைப் போன்ற வேடிக்கை பார்க்கப் போய் வாளி தூக்கியவர்கள்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டியது தார் போன்ற கெட்டியான எரிபொருள் எண்ணெய். வடக்கிலிருந்து தெற்கே நீரோட்டம் இழுக்கும் மாதம் அது. எர்ணாவூரில் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட கற்களுக்கும் கரைக்கும் இடையிலுள்ள மூலைகளில் எண்ணெய் வந்து அடைந்துகொண்டது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் தண்ணீரோடு கலந்து களிபோல் இறுகிவிட்டதால் குழாய்கள் திணறின. கடைசியில் மனிதச் சங்கிலி, வாளி, கை.

நானும் இரண்டு நாள் அந்தச் சங்கிலியில் நின்றேன். அங்கே நாங்கள் செய்த தவறுகளைச் சொல்லவே இந்தக் கடிதம். எண்ணெய் படிந்த மேல்மண்ணை வழித்தால் போதும் என்ற இடத்தில் மண்வெட்டியை ஆழமாகப் போட்டு நல்ல மணலையும் சேர்த்து அள்ளினோம். கடல் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கும் கரையில் அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எங்களுக்கு உறைக்கவில்லை. எண்ணெய் மிதித்த காலோடு சுத்தமான மணலில் நடந்து அங்கேயும் தடம் பதித்தோம். மெல்லிய பைகளில் கட்டிய சேறு, தூக்கும்போதே கிழிந்து ஊற்றியது. கையுறை எல்லோருக்கும் இல்லை. மாலையில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. தலைவலி இரண்டு நாள் இருந்தது. சில வாரங்கள் கழித்து அதே கரையில் காலால் மணலைக் கிளறியபோது, ஒரு சாண் ஆழத்தில் கறுப்புக் கோடு தெரிந்தது. அலை புதுமணலைப் போட்டு மூடியிருந்தது. மேலே பார்த்துச் ‘சுத்தமாகிவிட்டது’ என்று நாங்கள் கைதட்டிக்கொண்ட இடம்தான் அது.

இதைத் தவிர்க்கும் முறை புதியதல்ல. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் ‘எக்ஸான் வால்டெஸ்’ எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபோது உருவாகி வளர்ந்த கரை மதிப்பீட்டு முறை அது. சுத்தம் செய்ய இறங்கும் முன் ஒரு சிறு குழு கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, நீர் வற்றியிருக்கும் நேரத்தில் நடந்து பார்க்கும். எண்ணெய்ப் பட்டை எவ்வளவு அகலம், எவ்வளவு தடிமன், நூற்றுக்கு எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று ஒரே மாதிரிப் படிவத்தில் எழுதும். இடைவெளி விட்டுச் சிறு குழிகள் தோண்டி, புதைந்த எண்ணெய் எந்த ஆழத்தில் என்று அளவுகோலை வைத்துப் படம் எடுக்கும். பிறகுதான் அந்தத் துண்டுக்கு என்ன செய்வது, எந்த நிலையில் வேலையை நிறுத்துவது என்று முடிவாகும். அலாஸ்காவில் பாறைகளைச் சுடுநீர் பீய்ச்சிக் கழுவியதில், எண்ணெய்க்குத் தப்பிய உயிர்களும் வெந்து செத்தன. சும்மா விடுவதே நல்லது என்று எழுதவும் அந்தப் படிவத்தில் இடம் உண்டு. அரசு, எண்ணெய் கொட்டிய தரப்பு, உள்ளூர்க்காரர் மூவரும் சேர்ந்து நடந்து ஒரே தாளில் கையெழுத்திடுவதும் வழக்கம். இழப்பீட்டுப் பேச்சு வரும்போது அந்தத் தாளின் மதிப்பு தெரியும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியபோது, பாடம் கற்றிருப்போம் என்று நினைத்தேன். மீனவர்கள் ஃபைபர் படகில் போய், வாளியாலும் குவளையாலும் மொண்டுகொண்டிருந்தார்கள். கழிமுகம் மணற்கரை அல்ல. ஓதம் ஏறும்போது எண்ணெய் உள்ளே போகும். வற்றும்போது வெளியே வரும். சேற்றில் பத்துப் பேர் இறங்கி நடந்தால் மேலே இருந்த எண்ணெய் அடிச்சேற்றுக்குள் மிதிபட்டுப் போகும், வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அலையாத்திச் செடிகளின் வேரில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அதைத் துடைக்க வேண்டுமா, தொடாமல் விட வேண்டுமா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. உற்சாகத்தோடு இறங்கும் தன்னார்வலர்களை ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று தடுக்கவும் பயிற்சி வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று நினைக்கிறேன். என்னையே யாராலும் தடுத்திருக்க முடியாது.

எண்ணெய்க் கசிவைச் சமாளிக்கும் பயிற்சிக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வகுத்த பாடத்திட்டத்தில் மூன்று நிலைகள் இருக்கின்றன: களத்தில் இறங்குபவர்கள், மேற்பார்வையாளர்கள், நிர்வாகிகள். முதல் நிலைதான் எங்களுக்குத் தேவை, அதுவும் தமிழில். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் படிவத்தை நிரப்ப எட்டாம் வகுப்புப் படிப்பு போதும். எந்த மூலையில் எண்ணெய் முதலில் அடையும், எங்கே மணல் மூடும், எந்த நேரம் நீர் வற்றும் என்பதெல்லாம் எந்த நிபுணரையும்விடக் குப்பத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். இல்லாதது அளவுகோலும் படிவமும், அவர்கள் எழுதியதை ஆவணமாக ஏற்றுக்கொள்ளும் அரசாணையும்தான்.

அதனால் மீன்வளத்துறைக்கும் மாநகராட்சிக்கும் என் வேண்டுகோள் சிறியது. எர்ணாவூர் முதல் முகத்துவாரக் குப்பம் வரை குப்பத்துக்குப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள். தூய்மைப் பணியாளர்களையும் கூடவே உட்கார வையுங்கள். குப்பங்களிலிருந்து பெண்களும் வரட்டும், நண்டும் இறாலும் விற்கிற அவர்கள்தான் முதலில் மீனில் நாற்றத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கையுறை, முழங்கால் பூட்ஸ், கனமான பைகளை எங்கோ ஒரு கிடங்கில் பூட்டி வைக்காமல் மீன் இறங்குதளத்திலேயே வையுங்கள், சாவியைக் குப்பத்துக்காரர்களிடமே கொடுங்கள். அடுத்த ஒத்திகை நடக்கும்போது ஹெலிகாப்டர் பறக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே நாளில் எர்ணாவூர் கற்களுக்குப் பக்கத்தில் நான்கு பேர் குழி தோண்டி அளந்து எழுதுவதையும் உங்கள் புகைப்படக்காரர் ஒரு படம் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை-19