கோதுமை உண்ண இயலாத பிள்ளைகளுக்காக: நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், காலை உணவு, சத்துணவு, அங்கன்வாடி ஆகிய திட்டங்களை நடத்தும் அலுவலர்களுக்கும், உணவுப் பாதுகாப்புத் துறையினருக்கும் வணக்கம்.

கோத்தகிரி வட்டத்தில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் வாழும் குடும்பம் எங்களுடையது. எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் சீலியாக் நோய் இருக்கிறது. மூத்தவள் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள்; இளையவன் அங்கன்வாடிக்குப் போகிறான். அரசு கொடுக்கும் உணவை இவர்கள் அச்சமின்றி உண்ண வழி செய்து தர வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள். இந்நோயைக் கேள்விப்பட்டவர்களே நம் மலையில் குறைவு என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது; பொறுத்தருள வேண்டும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் வயிற்றுக்குள் போனால், சீலியாக் நோய் உள்ளவரின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவருடைய சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவிலுள்ள சத்தை உடலில் சேர்ப்பவை சிறுகுடலின் உட்சுவரில் நிற்கும் குடல் உறிஞ்சிகள். அவை தேய்ந்து மழுங்கிப் போவதால், பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடலில் ஒட்டுவதில்லை. இது கோதுமை ஒவ்வாமையிலிருந்து வேறுபட்ட நோய். சாப்பிட்டவுடன் தடிப்போ மூச்சிரைப்போ வருவதில்லை என்பதால், ஒரு வாய் உப்புமா தின்ற பிள்ளை அன்று முழுவதும் ஓடியாடி விளையாடவும் கூடும். அதைப் பார்க்கும் ஆசிரியருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது ஒரு ரொட்டித் துண்டின் உதிர்ந்த துகள் அளவு, மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் சேதமடைகிறது என்பது ஆய்வில் கண்டறியப்பட்ட உண்மை. இதைக் குணப்படுத்த மாத்திரையோ ஊசியோ இன்றுவரை கிடையாது. குளூட்டன் அறவே இல்லாத உணவை வாழ்நாள் முழுவதும் உண்பது ஒன்றுதான் சிகிச்சை.

எங்கள் மகளுக்கு இரண்டு வயதிலிருந்தே வயிறு உப்பிக் கைகால் சூம்பியிருந்தது. அடிக்கடி பேதி, வயதுக்கேற்ற உயரமின்மை, வெளிறிய முகம். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து டானிக்கும் மாறி மாறிக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர்தான் சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனையும், பின்னர் எண்டோஸ்கோப்பி வழியாகக் குடல் திசுப் பரிசோதனையும் செய்து நோயை உறுதிப்படுத்தினார். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது வர வாய்ப்புண்டு என்று அவர் சொன்னதால், எந்தத் தொந்தரவும் இல்லாதிருந்த மகனையும் பரிசோதித்தோம். அவனுக்கும் இருந்தது.

"இது வடநாட்டு நோய் ஆயிற்றே" என்று பலர் எங்களிடம் வியப்போடு கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஓர் அடிப்படையும் இருக்கிறது. இந்தியாவின் மூன்று பகுதிகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு, வடக்கே நூறு பேரில் 1.23 பேருக்கும் தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்நோய் இருப்பதாகக் கண்டது. அதே ஆய்வில், வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்பதாகவும், தெற்கே 25 கிராம்தான் உண்பதாகவும் தெரியவந்தது. அந்த 25 கிராம் என்பது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் எங்கள் லயன் வீடுகளுக்குப் பொருந்தாத கணக்கு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. கோதுமை மாவில் தேங்காய்ப் பூவைச் சேர்த்துப் பிசைந்து தட்டிய ரொட்டியும் இடித்த சம்பலும்தான் இலங்கையின் மலையகத்திலிருந்து எங்கள் பெரியவர்கள் கொண்டுவந்த காலைச் சாப்பாடு. கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு மதியம் வரை பசி தாங்கும் என்று தலைமுறை தலைமுறையாக அதையே உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இத்தகைய வீடுகள் ஏராளம். அவற்றில் சோகை என்றும் சவலை என்றும் பெயரிட்டு விட்டுவிடப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்நோய் இருக்கிறதோ என்ற கவலையும் இம்மடலை எழுதத் தூண்டியது.

இப்போது எங்கள் வீட்டில் கோதுமை மாவு வாங்குவதில்லை. மாமியார் அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் ரொட்டி தட்டப் பழகிவிட்டார். பழைய ரொட்டிக் கல்லையும் பலகையையும் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கினோம். எனவே வீட்டுக்குள் பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள். ஒரே ஆண்டில் மகள் உயர்ந்திருப்பதை அவளுடைய சீருடைப் பாவாடையே காட்டிக்கொடுக்கிறது. சிக்கலெல்லாம் வாசலைத் தாண்டியதும் தொடங்குகிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டபோது, எங்களைப் போன்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பனி விலகுமுன் வேலைக்குக் கிளம்ப வேண்டிய தாய்மார்கள் நாங்கள். பள்ளியில் சூடாக ஒரு வேளை கிடைக்கிறது என்பதன் அருமையை எங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. அந்த உணவில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவை கிச்சடி என்று பெரும்பகுதி கோதுமையாகவே அமைந்துவிட்டதுதான் எங்கள் துயரம். ரவையும் சேமியாவும் கோதுமை என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை. வெண்பொங்கல் சமைக்கும் நாளில் மட்டும் சாப்பிடட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நாளிலும் சாம்பார் இருக்கிறது.

சாம்பாரில் என்ன கோதுமை என்று கேட்கலாம். பெருங்காயம் இருக்கிறது. கடையில் டப்பாவிலும் கட்டியாகவும் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பிசினோடு மைதா அல்லது கோதுமை மாவு சேர்த்திருப்பதைப் பெரும்பாலானவற்றில் படிக்கலாம். சிலவற்றில் மட்டுமே அரிசி மாவு இருக்கும். ஒரு சிட்டிகைதானே என்று விட்டுவிட இந்நோயில் இடமில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளைக் குறிப்பிட வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். ரவை உப்புமாவைக் கிளறிய கரண்டியால் அரிசிச் சாதத்தை அள்ளிப் போட்டாலே அந்த வரம்பு மீறப்படக்கூடும். பரிமாறும் சகோதரிகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் அன்போடுதான் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் எழுத்தில் உத்தரவு இல்லாமல் தனிப்பாத்திரம் வைக்கவோ, கொடுத்த பொருளை மாற்றவோ தங்களால் முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். ஆகவேதான் உத்தரவிடக்கூடியவர்களாகிய உங்களிடம் வருகிறேன்.

அங்கன்வாடியில் நிலைமை இன்னும் கடினமானது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளைத் தேற்றவும் கொடுக்கப்படும் சத்துமாவில் கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் ஆகியவற்றோடு கோதுமை மாவும் கலந்திருக்கிறது. சீலியாக் நோயால் எடை குறைந்த ஒரு குழந்தைக்கு, எடை குறைந்திருக்கிறது என்ற காரணத்துக்காகவே அம்மாவு கூடுதலாகக் கொடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் உணவை உரிமையாக்கியிருக்கிறது. உண்ண முடியாத உணவைத் தட்டில் வைப்பதால் அவ்வுரிமை நிறைவேறிவிடாது.

இதற்கு மாற்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கோதுமையில்லாமல் ஒரு பிள்ளையை வளர்க்க இந்தியாவில் வாய்ப்பான இடங்களில் ஒன்று நம் மாவட்டம். கேழ்வரகும் சாமையும் இம்மலை மக்களின் பழைய தானியங்கள். ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இரண்டு மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. ரேஷன் கடைக்கு வந்த கேழ்வரகு பள்ளிச் சமையலறைக்கும் வரட்டும். வாரம் முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவை மாற்றச் சொல்லவில்லை. மருத்துவர் சான்று பெற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மட்டும், ரவை சமைக்கும் நாளில் அப்பிள்ளைகளுக்கென்று கேழ்வரகுக் கூழோ அரிசி உப்புமாவோ மூடியுள்ள தனிப்பாத்திரத்தில் செய்து, தனிக் கரண்டியால் முதலில் பரிமாற வேண்டும். சாம்பாருக்கு அரிசி மாவு கலந்த பெருங்காயத்தை வாங்க வேண்டும், அது கிடைக்காத இடத்தில் பெருங்காயமே போடாமல் விடலாம். சத்துமாவுக்கு ஈடாகக் கேழ்வரகு மாவும் பொட்டுக்கடலையும் வெல்லமும் உலர்பொருளாகவே கொடுத்துவிடலாம். கேழ்வரகைக் கோதுமை அரைத்த மில்லில் அரைத்தால் மீண்டும் கோதுமை கலந்துவிடும் என்பதையும் உத்தரவிலேயே குறிப்பிட வேண்டுகிறேன்.

நல்லெண்ணத்தோடு சிலர் சம்பா கோதுமை கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நாட்டு ரகம், எளிதில் செரிக்கும் என்கிறார்கள். வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கும் மாவட்டம் இது. ஆகையால் இங்கே அந்த நம்பிக்கை வலுவாக இருக்கிறது. சம்பா கோதுமையும் கோதுமைதான், அதிலும் குளூட்டன் உண்டு. சத்துணவுப் பயிற்சி வகுப்புகளில் இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்மை கிடைக்கும்.

மருத்துவத் துறைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இரும்புச்சத்து கொடுத்தும் சோகை தீராத பிள்ளைகள், காரணம் தெரியாமல் உயரம் குன்றியவர்கள், மாதக்கணக்கில் பேதியால் வாடுபவர்கள் ஆகியோரை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அடையாளம் கண்டு, சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றிச் செய்து தர வேண்டும். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும் என்பதால், மருத்துவர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அதைப் பெற்றோருக்கு எச்சரிக்க வேண்டியது மிக அவசியம்.

உணவுப் பாதுகாப்புத் துறையினரிடம் கேட்பது சிறிது. பொட்டலப் பொருட்களில் கோதுமை, பார்லி போன்றவை கலந்திருந்தால் குறிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் பேக்கரிகளில் உள்ளூரில் செய்து பொட்டலம் கட்டும் முறுக்கு, தட்டை, மிக்சர் ஆகியவற்றில் பலவற்றின் மேல் ஒரு வரியும் இருப்பதில்லை. நம் மலையின் மொறுமொறுப்பான பலகாரமாகிய வர்க்கியில் மைதா இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதை நாங்கள் தொடுவதில்லை. அரிசி முறுக்கில் மைதா கலந்திருப்பதுதான் தெரிவதில்லை. ஆய்வுக்குப் போகும்போது இந்த ஒரு விதியை வலியுறுத்தினால் போதும்.

வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் உத்தரவு ஒன்று வெளிவந்தால், இந்தக் கல்வியாண்டு முதலே என் மகள் தோழியரோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட முடியும். இப்போது அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் தனியே வகுப்பறையில் இருக்கிறாள். சமையலர்களுக்குச் செய்முறை காட்டவோ, பெருங்காயம், மசாலாப் பொருட்களின் பொட்டலங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கவோ உதவி தேவைப்பட்டால், வேலை முடிந்த மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எங்கள் குடும்பத்தார் வரத் தயாராக இருக்கிறோம். மருத்துவச் சான்றுகளின் நகல்களை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனுவோடு நேரில் சமர்ப்பிக்கிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய்